சும்மா போகிற சூடு

"காலக் காட்டுங்க சார்."

ஈரத்துணியோடு சர்வர் அறை வாசலை மறித்து நிற்கிறாள் வேல்விழி. முதலாளி ஆனந்தராஜ் ஒரு காலைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளங்கால், மாவை மிதித்தது போல வெளுத்திருக்கிறது.

"செவுத்துக்கு வெள்ளையடிக்கலாம் போல இருக்குது. இதோடயா உள்ள போறீங்க?"

அவர் துணியை வாங்கித் துடைத்துக்கொள்கிறார். சம்பளம் கொடுக்கிற ஆளாயிற்றே என்று பார்க்கிற வழக்கம் அவளிடம் கிடையாது.

விருத்தாசலத்தில் மின்கம்பத்துக்குப் பீங்கான் செய்கிற கம்பெனி அது. கம்பெனிக் கணக்கெல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டர்ப் பெட்டி இருக்கும் அந்த சர்வர் அறை வேல்விழியின் பொறுப்பு. வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நாற்பது வயதாகப் போகிறது, முகத்துக்குப் பவுடர் போட்டதில்லை. "கம்பெனி பூரா பவுடருதான் பறக்குது. நான் வேற போட்டுக்கணுமா?" பழைய சர்வருக்குப் 'பெருசு' என்று பேர் வைத்திருந்தாள். அதன் காற்றாடிச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சோற்றில் வைத்த கையோடு எழுந்து வருவாள். "என்னா பெருசு, மூச்சு வாங்குது?"

சம்பளமும் பில்லும் போட்டவரைக்கும் பெருசு நன்றாகத்தான் இருந்தது. இப்போது வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பீங்கானும் எந்த அடுப்பில், எவ்வளவு சூட்டில் வெந்தது என்று போனிலேயே பார்க்க வேண்டும் என்கிறார்கள். பதிவு இல்லாத சரக்கைத் தொடமாட்டார்கள். பெருசு எவ்வளவைத்தான் தூக்கும்?

போன மழைக்காலத்தில் அது மண்டையைப் போட்டது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, திரை கறுத்துவிட்டது. அந்த அடுப்பில் வெந்தது நல்ல சரக்கு, இருந்தும் விலைபோகவில்லை. வேல்விழி பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பலகை போட்டு, சுடாத பீங்கான்கள் ஈரத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

வைத்தவள் பாஞ்சாலை. பீங்கானை அச்சில் வார்க்கிறவள். வேல்விழி சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"ஏன்க்கா, இது என்னா உங்க வூட்டு அடுப்பங்கரையா?"

"மிஷினுலேர்ந்து சும்மா போற சூடுதான கண்ணு? மழையில வெளிய வச்சா எங்க காயுது? இங்க வச்சா ஒரு கீறல் இல்லாம காயுது. மிஷினு மேலயா வச்சேன், பொறத்தாலதான வச்சேன்."

"அந்த ஈரத்தையும் மாவையும் இழுத்து இழுத்துத்தான் அது செத்துப்போச்சு!"

பெருசைத் துடைத்து ஒருவழியாக மறுபடி ஓடவைத்தாள் வேல்விழி, ஆனால் ஓர் அடுப்பின் பதிவைத் தாங்கத்தான் அதற்குத் தெம்பிருந்தது. ஆனந்தராஜ் இரண்டாவது அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார். "பதிவு நிக்காம ஓடட்டும், அப்புறம் மூட்டிக்கலாம்." வார்க்கிற பெண்களுக்கு அந்த அடுப்பில்தான் பாதி வேலை. பாஞ்சாலை பஸ் ஸ்டாண்டில் வேல்விழியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேல்விழிக்குக் கோபம் ஆறிவிட்டது. 'சும்மா போற சூடு' மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

எல்லாவற்றையும் சென்னையில் வாடகை மெஷினில் வைத்துவிடலாமே என்றார் ஆனந்தராஜ்.

"ரோடு தோண்டுறவன் கேபிள வெட்டிட்டான்னா, எரியற அடுப்பு யாரப் போய்க் கேக்கும்? அங்க ஒரு காப்பி இருக்கட்டும் சார். அடுப்புப் பதிவு இங்கதான் ஓடணும். ஒண்ணு வுழுந்தா இன்னொண்ணு தாங்குற மாதிரி ரெண்டு வாங்குங்க. செவுத்துல ஒரு ஓட்டையும் போட்டுக் குடுங்க."

"ஓட்ட எதுக்கு?"

"சூடு வெளிய போவணும்ல?"

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது, பீங்கான் காயவைக்கிற கொட்டகை.

கதவு போட்டு மூடிய இரண்டு புதுப் பெட்டிகள் வந்தன. முதல் அடுப்பு எரியும்போதே மாற்றியாக வேண்டும். நடுவில் அணைத்தால் உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் பாழ். பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே சூடு பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பழையதை அணைத்தாள். "போதும் பெருசு, படு."

அதோடு நிறுத்தவில்லை. புதுப் பெட்டி ஒன்றின் வயரையும் பிடுங்கினாள்.

"ஏய், என்னா பண்ற நீ!" ஆனந்தராஜ் பதறிவிட்டார்.

"நாம இருக்கும்போதே வுழட்டும் சார்."

திரையில் அடுப்பின் சூட்டைக் காட்டும் கோடு அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. மற்ற பெட்டி தாங்கிக்கொண்டது. அவர் நெற்றியைத் துடைத்தார்.

"இப்ப மூட்டச் சொல்லுங்க ரெண்டாவத."

பிடுங்கிய வயரைத் திரும்ப மாட்டிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். பாஞ்சாலை பலகையும் கையுமாக நின்றாள்.

"இங்க வையிக்கா."

"ஐய, வேணாம்மா. அப்புறம் இதுவும் செத்துச்சுன்னு எம் மேல பழி போடுவ."

"காத்து இந்தப் பக்கந்தான் வரும், திரும்பிப் போவாது. நீ வையி."

பாஞ்சாலை நகரவில்லை. வேல்விழியே பலகையிலிருந்து ஓர் ஈரப் பீங்கானை எடுத்து, துளைக்கு எதிரில் வைத்தாள். மறுபக்கமும் காற்றுப் படட்டும் என்று மெல்லத் திருப்பிவிட்டாள்.

"அட, திருப்பக்கூடத் தெரியுதே!" பாஞ்சாலை வாய்விட்டுச் சிரித்தாள். பலகையை இறக்கி வைத்தாள்.

திரையைப் பார்க்க வேல்விழி சர்வர் அறைக்குத் திரும்பி ஓடினாள். பின்னாலேயே வந்த பாஞ்சாலை அவளை முந்திக்கொண்டு, ஆணியில் தொங்கிய ஈரத்துணியை உருவிக்கொண்டு வாசலை மறித்தாள்.

"கையக் காட்டு மேடம்."

களிமண் அப்பிய இரண்டு கைகளையும் வேல்விழி நீட்டினாள்.