ஒற்றைப் பிரதிக் கல்வெட்டு

காலையில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைப்பேன். பின்னேரங்களில் செத்தவர்களுக்குப் புத்தகம் செய்வேன். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு மலரைத்தான் சொல்கிறேன். நாங்கள் கல்வெட்டு என்போம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், பிள்ளைகள் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். முன்பு ஊரில் ஒருவர் எழுதி, அச்சகத்தில் அடித்துவிட்டால் முடிந்த கதை. இப்போது பைலை இணையத்தில் திறந்துவிட்டால், எந்த நாட்டில் இருந்தும் ஆளுக்காள் எழுதுகிறார்கள், அழிக்கிறார்கள். புலம்பலைக்கூடப் போனிடம் கேட்டு வாங்கி ஒட்டுகிறார்கள். தகப்பனுக்கு அழவும் மெஷினா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எழுத்துப்பிழை திருத்திக் கொடுப்பேன்.

போன மாசியில் கனடாவில் இருக்கும் மூன்று சகோதரர்கள் தங்கள் தகப்பனின் கல்வெட்டை என்னிடம் தந்தார்கள். அடுத்த நாளே இதே நகரத்தின் ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவில் இருந்து பஸ் ஏறி ஒருத்தி வந்தாள். அவர்களின் ஒரே தங்கை. அவர்களுக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் கட்டினாள் என்று பதினைந்து வருடமாக அவளோடு கதை பேச்சில்லை. பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் செத்தவீட்டுக்கும் போக முடியவில்லை.

"அக்கா, என்ரை பேரும் அதிலை இருக்கோ?"

திறந்து பார்த்தேன். பிள்ளைகள் மூவர் என்றிருந்தது.

"இல்லை," என்றேன். "நான் போடுறன்."

மூவரை நால்வராக்கி, கடைசியில் அவள் பெயரை எழுதினேன். அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிராது. கனடாவில் யாரோ பைலைத் திறந்து வைத்திருந்திருக்கிறார்கள். எங்கள் கண் முன்னே அவள் பெயர் கடைசி எழுத்தில் இருந்து ஒவ்வொன்றாக அழிந்தது. திரும்ப எழுதினேன். திரும்ப அழிந்தது. மூன்றாம் தரம் அவள் என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. பாக்கேலாமல் கிடக்கு."

அவள் போனபிறகு கனடாவில் இருந்து மூத்தவரின் குரல் பதிவு எனக்கு வந்தது. "தங்கச்சி, நாங்கள் தந்ததை மட்டும் செய்யுங்கோ."

நன்றாகத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பயந்துபோனேன். அவர்களின் சனம் இனி என்னிடம் வராது என்ற பயம். பிள்ளைகள் மூவர் என்றே முடித்து அனுப்பிவிட்டேன்.

மனம் கேட்கவில்லை. அவள் பெயரோடு வேறாக ஒரு பைல் செய்து, வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்து அச்சுக் கடையில் கொடுத்தேன். இப்போது ஒரேயொரு புத்தகம் என்றாலும் அடித்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவள் தன் பெயரில் விரலை வைத்தாள்.

"இது எத்தினை பேரிட்டை இருக்கு, அக்கா?"

"உம்மட்டை மட்டும்தான்."

"அப்ப மூவர் எண்டு போட்ட மற்றதை ஆர் செய்தது?"

"நான்தான்," என்றேன்.

அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.