வெள்ளைச் சேலை

ராஜபாளையம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் பைக்கை நிறுத்துகிறேன். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்க, போதகர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். கரையில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நடுங்குகிறார்.

“தண்ணின்னா பயமாக்கா?”

“சேலைதான் பயம், தம்பி. எங்க சனத்துல தாலி அறுத்தவதான் வெள்ளை கட்டுவா. எங்க வீட்டுக்காரவுக பட்டாளத்துல, எல்லையில இருக்காவ.”

“அப்புறம் எதுக்குக்கா?”

“முழுக்குக்கு வெள்ளைதான் கட்டணுமாம். ஆறு வருசமா சபைக்குப் போறேன். முழுக்கு எடுக்காததால திருவிருந்துல கை நீட்ட முடியல. எல்லாரும் அப்பம் வாங்கையில நான் மட்டும் குனிஞ்சு உக்காந்திருக்கேன்.”

செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறார். போதகர் அவரை நீருக்குள் அமிழ்த்தும்போது என் கையில் போன் அடிக்கிறது. திரையில் யார் பெயரும் இல்லை, தெரியாத எண்.

அவர் எழுந்து, ஈர வெள்ளையில், என்னைத்தான் பார்க்கிறார்.