கோழிக்கால் நோய்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் காட்டில் சின்ன வெங்காயம் நன்றாகத்தான் கிளம்பியது. அதை நம்பித்தான் அப்பா அக்காவைப் பெரம்பலூரில் காலேஜில் சேர்த்திருந்தார். திடீரென்று ஒரு மூலையில் தாள்கள் மஞ்சளாகி, முறுக்கிக்கொண்டு சாயத் தொடங்கின.

விவசாய ஆபீஸிலிருந்து வந்த மேடம் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். வேர் அழுகி, பஞ்சு போல வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

“கோழிக்கால் நோய்ங்க. ஃபியூசேரியம்னு ஒரு பூஞ்சணம். மண்ணுலதான் இருக்கும். கால்ல ஒட்டிக்கிட்டு நல்லாயிருக்கிற பக்கமும் போயிடும், பாத்துக்குங்க.”

அப்பா தலையாட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்ற அப்பாவின் தங்கை, என் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அத்தையின் கோழிகளைப் பார்த்தேன். அவை வழக்கம்போல வெங்காயப் பாத்தியில் கிளறிக்கொண்டிருந்தன. நோயின் பெயரிலேயே குற்றவாளி இருக்க, பெரியவர்கள் ஏன் மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அத்தை சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, என்னுடைய வெள்ளை சாக்ஸ், அக்காவின் பழைய சாக்ஸ் எல்லாவற்றையும் கோழிகளுக்கு மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் திறந்துவிட்டேன். கோழிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சேவல் மட்டும் ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி, பரேடு போவது போல் வாசலைக் கடந்தது.

கண்ணாடி போடாமல் திரும்பி வந்த அத்தை அதைப் பார்த்து அலறினார்.

“ஐயோ, அண்ணே! ஓடியாங்க! கோழிக்கால் நோயி எங் கோழிக்கே வந்துடுச்சு! கால்ல வெள்ளையா பூத்துப்போச்சு!”

அப்பா மருந்தடிக்கும் டேங்க்கை முதுகில் சுமந்தபடியே ஓடிவந்தார். சேவலைப் பிடித்துக் காலைத் தடவினார். ஒரு சாக்ஸை உருவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் சாமி இப்படிப் பண்ணுன?”

“மேடம்தானப்பா சொன்னாங்க, கால்ல ஒட்டிக்கிட்டுப் போவுதுன்னு.”

பல நாளாகச் சிரிக்காத அப்பா, சேவலை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். அத்தைதான் என்னோடு வெகுநாள் பேசவில்லை.

அந்த முறை பாதி வெங்காயம்கூடத் தேறவில்லை. அக்காவின் படிப்புக்குத் தாய்மாமா கைகொடுத்தார். அடுத்த பட்டத்தில் அப்பா மக்காச்சோளம் விதைத்தார். அதற்கப்புறம் எங்கள் காட்டில் கோழிக்கால் நோய் வரவே இல்லை. எல்லாம் நான் மாட்டிவிட்ட சாக்ஸால்தான் என்று பள்ளிக்கூட வேனில் பெருமையடித்தேன். வெங்காயமே இல்லாத காட்டில் அது எப்படி வரும் என்று அப்பா ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை.