அரக்குக் கரை

மூன்று ஆடித் தள்ளுபடிகளில், ஆண்டுக்கு ஒன்றாக, மூன்று சில்க் காட்டன் புடவைகள் வாங்கியிருந்தேன். ஜாக்கெட் துணி இல்லாதவை என்பதால் விலை இன்னும் குறைவு. புடவையின் உடல் எந்த நிறமானாலும் கரை அரக்காக இருக்கும்படி பார்த்து எடுத்தேன். ஒரே அரக்கு ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும் என்பது என் எண்ணம்.

இலக்கியம் படிக்கும் எனக்கு, பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளியொன்றில், விடுப்பிலிருந்த தமிழாசிரியைக்குப் பதிலாகச் சில நாள் பாடம் நடத்தும் வாய்ப்பு வந்தது. தையற்கடை பாயிடம் மூன்று புடவைகளையும் காட்டி, அந்த ஒரு ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்தேன்.

“மூணு புடவைக்கு ஒண்ணுதானாம்மா? தினம் தொவைச்சுக்கினே இருக்கணுமே!” என்று சிரித்தார்.

“சாயங்கால வெயில்லயே காஞ்சிடும் பாய்,” என்றேன்.

துவைப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தறிச்சத்தத்தில் வளர்ந்த மாணவிகள் முகத்துக்கு முன் கரையைத்தான் பார்ப்பார்கள். என் இல்லாமை அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் அஞ்சினேன்.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும், நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி மேசையருகே வந்தாள்.

“மிஸ், மூணு புடவையும் ஒரே கரையா இருக்குது. ஆர்டர் குடுத்து நெய்ய வெச்சீங்களா? எங்கப்பாகிட்ட பெரிய வீட்டுக்காரங்கதான் அப்படிக் கேப்பாங்க.”

ஆம் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லைமா. என்கிட்ட ஜாக்கெட் ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி எடுத்தேன்.”

அவள் ஜாக்கெட்டையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ நெழல்ல காயப் போடுங்க மிஸ். வெயில்ல அரக்கு சீக்கிரம் வெளுத்துடும்.”