இணைச்சீர் இருந்த கார்டு

அழித்தவள் நான். தவறு செல்வராஜ் அண்ணனுடையது இல்லை.

ஆறு ஆண்டுகளாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்! என்னை மன்னிக்க நீங்கள் யார்? நீங்கள் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவரும் இல்லை, அந்தக் கேமராவைத் தோளில் சுமந்தவரும் இல்லை. காது கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

நான் சினிமாவில் படத்தொகுப்பாளர். திரையில் என் பெயர் தனியாக வருகிறது. என் அப்பா கணபதி என்ற பகுதியில் ஒரு வார்ப்புப் பட்டறையில் அச்சு மண் குழைத்தவர். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். இதைச் சொல்லும்போது என் தலை நிமிர்ந்துதான் இருக்கும். அதற்காக வெட்கப்பட மாட்டேன்.

முதல் வேலையும் கணபதியில்தான். மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. எட்டு ஆண்கள், நான் ஒருத்தி. எடுத்து வந்த வீடியோக்களை வெட்டிச் சேர்ப்பது என் வேலை.

"கல்யாணத்தப் பாக்கறதுக்குச் சம்பளமா கண்ணு? நாங்கெல்லாம் மொய் வெச்சல்ல பாக்கறோம்!" என்று அப்பா சிரித்தார்.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவிலிருந்து வரும் மெமரி கார்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். அதில் இருப்பதையெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, அந்த டேப்பில் பேனாவால் ஒரு 'டிக்' போட வேண்டும். டிக் இல்லாத கார்டை எவரும் அழிக்கக் கூடாது. டிக் போடும் உரிமை எடிட்டருக்கு மட்டும். மொதலாளிகூடத் தொட மாட்டார். அந்தச் சின்னக் கோட்டின் மேல் அத்தனை நம்பிக்கை!

பவானிப் பக்கம் ஒரு கல்யாணம். செல்வராஜ் அண்ணன்தான் கேமரா. பதினைந்து ஆண்டு அனுபவம், கொஞ்சம் மறதி. இரண்டு முறை பேட்டரி எடுக்காமல் போய்த் திட்டு வாங்கியவர். அன்று கார்டை என் கையில் கொடுக்கும்போது சொன்னார்:

"அம்மணி, இதுல இணைச்சீரு இருக்குது. பத்திரமாப் பாத்துக்க. ஏழு வருசங்களிச்சு அக்காளும் தம்பியும் ஒண்ணா நிக்கறாங்க."

இணைச்சீர் எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்கு. மாப்பிள்ளையையும் அவன் உடன்பிறந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரு சேலையால் இணைத்துச் செய்யும் சீர். உடன்பிறந்தவள் இல்லையென்றால் சொந்தத்தில் ஒரு பெண்ணை நிறுத்துவார்கள். இந்த மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா இருந்தார், பூங்கொடி. தானே ஒருவரைத் தேர்ந்து கல்யாணம் செய்துகொண்டு போனவர். ஏழு ஆண்டுகள் அப்பா வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 'அக்கா வராம எனக்குச் சீரும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்' என்று தம்பி பிடிவாதம் பிடித்ததால்தான் அன்று அழைத்திருந்தார்கள்.

அந்தக் காட்சியைக் கார்டிலிருந்தே போட்டுப் பார்த்தேன். நடுவில் அக்காவும் தம்பியும். பூங்கொடி அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தலைமேல் ஒரு நொடி நின்றது. பிறகு அந்தக் கைக்குரிய பெரியவர் பின்வாங்கி, படத்தின் ஓரத்துக்குப் போனார். அங்கே அவர் முகம் உடைந்தது... துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார்.

கேமரா பிடிப்பவர் நடுவைப் பார்ப்பார். நாங்கள் ஓரத்தையும் பார்ப்போம். அந்த முகத்தைச் செல்வராஜ் அண்ணன்கூடக் கவனிக்கவில்லை. நான் மூன்று முறை பார்த்தேன்.

பார்த்துவிட்டதாலேயே அது பத்திரமாகிவிட்டது என்று என் மனம் நம்பிவிட்டதோ? தெரியவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்குத் தோப்பில் என் முதல் குறும்படத்தின் படப்பிடிப்பு. கேமரா வாடகைக்கு எடுத்திருந்தேன். கார்டு இல்லை. அந்த ஸ்டுடியோ கார்டையே சொல்லாமல் எடுத்தேன். ஆம், சொல்லாமல்! பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கார்டில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. முதலாவதை மட்டும் காப்பி எடுத்தேன், அதுவும் ஒரே டிஸ்க்கில். இணைச்சீர் இருந்த இரண்டாவது நினைவுக்கு வரவில்லை. டேப்பில் டிக் போட்டேன். தோப்பில் இறங்கியதும் கார்டை அழித்தேன். மாலை வரை அதன் மேலேயே என் படத்தை எடுத்தேன்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் இணைச்சீர் இல்லை. கார்டிலிருந்து மீட்கவும் வழியில்லை. அந்தப் பெரியவரின் முகம் இருந்த இடத்தில் என் பாக்குமரங்கள் நின்றன.

கல்யாண வீட்டாருக்கு முதலில் காட்ட வேண்டியதே இணைச்சீர் என்பதால் மொதலாளி அன்றே கேட்டார்.

"கார்டுல வந்ததே இவ்வளவுதானுங்க," என்றேன்.

குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வியப்பு.

செல்வராஜ் அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

"எடுத்தனுங்க. ரெக்கார்டிங் சேப்பு லைட்டு எரிஞ்சுதுங்க."

"அப்பறம் எங்கய்யா போச்சு? காக்கா தூக்கீட்டுப் போயிருச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பிலிருந்த டிக்கைப் பார்த்தேன்.

அவர் தன் வலது கைக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டன அமுத்துன மாதிரித்தான் இருந்துச்சுங்க... கூட்டம் நெருக்குச்சு... அம்மணி சொன்னாச் செரியாத்தான் இருக்கும். படிச்ச புள்ள. நாந்தான் உட்டுப்போட்டனாட்ட இருக்குதுங்க."

படிச்ச புள்ள! என் அப்பாவும் அம்மாவும் உடம்பைத் தேய்த்து எனக்கு வாங்கிக் கொடுத்த அந்தப் பெயரால் ஒரு மனிதரை அடித்துப் போட்டேன். அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள்! எனக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு பையன் முழு ரிசப்ஷனையும் தொலைத்தான். திட்டினார்கள், மறுநாள் அவனுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் தொலைத்திருந்தால்? 'பொட்டப்புள்ளய உக்கார வெச்சா இப்படித்தான்' என்று சொல்லி, எனக்குப் பின்னால் அந்த மாடிப்படியில் ஒரு பெண்ணையும் ஏற விட்டிருக்க மாட்டார்கள். இது பொய்யா? இந்தத் துறையில் ஒரு நாள் வேலை பார்த்த எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால்... அந்த நொடியில் நான் வருங்காலப் பெண்களையா நினைத்தேன்? இல்லை. கார்டுக்குள் இருந்த என் படத்தை நினைத்தேன். உண்மையைச் சொன்னால் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று பயந்தேன். மற்ற நியாயமெல்லாம் பிறகு வந்தது. நியாயம்தான், ஆனாலும் பிறகுதான் வந்தது.

பூங்கொடி அக்கா நான்கு முறை ஸ்டுடியோவுக்கு போன் செய்தார். நான்கு முறையும் எடுத்தது நான்.

"ஏனுங்க அம்மணி, ஒரு ரெண்டு நிமிசமாவது கெடைக்காதுங்களா? எங்கப்பா என்ற தலைமேல கை வெச்சாருங்க. நான் குனிஞ்சுட்டிருந்தேன். அவரு மூஞ்சியப் பாக்கல. வீடியோவுல பாத்துக்கலாம்னு இருந்தனுங்க."

"அது பதிவாகவே இல்லைங்க்கா."

"செரிங்க... தேடுனதுக்கு ரொம்ப நன்றிங்க."

நன்றி சொன்னார்!

அந்தக் குறும்படம்தான் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது. அதைப் பார்த்துவிட்டு ஒரு படத்தொகுப்பாளர் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து நான் ஏறிய ஒவ்வொரு படியும் என் உழைப்பு. அதில் ஒரு படியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதல் படிக்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஊட்டிக்குப் போகும் வழியில் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க இறங்கினேன். கேரட் மூட்டை ஏற்றிய ஒரு வேனிலிருந்து செல்வராஜ் அண்ணன் இறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது.

"அம்மணி! பேரு பெருசா வருதே திரையில! எங்கூட்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன், நம்ம ஸ்டுடியோப் புள்ளைன்னு."

கேமரா தொடுவதுண்டா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார்.

"கையி மேல நம்பிக்கை போயிருச்சு அம்மணி. இப்ப வண்டிக் கதவையே ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறேன். ஊட்டுக்காரி சிரிக்கறா." அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நீ மொதலாளிகிட்ட மெதுவாத்தான் சொன்ன. வேற ஆளா இருந்தா ஊருக்கே கேக்கற மாதிரி கத்தியிருப்பாங்க. அத நான் மறக்கல."

சொல்ல வாயெடுத்தேன். 'அண்ணா, நீங்க அமுத்தினீங்க' என்று மூன்று சொற்கள்தான். என் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். வேன் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

அந்தத் திங்கட்கிழமை மறுபடியும் வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்காதீர்கள். அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

பூங்கொடி அக்காவின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அவர் பார்க்காத அவருடைய அப்பாவின் முகம், நடுங்கிய உதடு, வாயில் அழுத்திய துண்டின் பச்சைக் கரை உட்பட, என்னிடம்தான் இருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நீங்க எப்படி அம்மணி பார்த்தீங்க என்று கேட்பார்.