மெற்றில்டாவின் நைலோன் சேலை

ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது மெற்றில்டாவின் தங்கை ஜசிந்தா போனில் அழைத்தார். "அக்கா போயிட்டா. நித்திரையிலேயே" என்றார். கடைக்காரர் சிங்களத்தில் இன்னும் விலையைக் குறைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு சண்டை பிடித்த மனுசி இப்படிச் சத்தம் போடாமல் போகலாமா?

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறியாதவர்கள் வாசித்தாலும் விளங்கட்டும். வத்தளையில் ஒரு தொழிற்சாலையில், நோயாளியின் கட்டிலருகே வைக்கும் கண்காணிப்புப் பெட்டிகளை நாங்கள் இருவரும் வடிவமைத்தோம். விரலில் ஒரு கவ்வி, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியின் திரையில் இதயத் துடிப்பு. ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வெள்ளவத்தை, அவர் கொட்டாஞ்சேனை. கடைசிவரை ஒருவரையொருவர் "நீர்" என்றுதான் கதைத்தோம். சண்டை பிடிக்கவும் அதுதான் வசதி.

முதல் பெரிய சண்டை ஓர் அரிசி அளவுச் சாமானுக்காக. பள்ளிக்கூடத்தில் இருவாயி என்று படித்தோமே, அந்த டயோட்டுகள் பலவற்றை ஒன்றாக அடக்கிய ஆறு கால் பூச்சி அது. நடந்து திரியும் மனித உடம்பில் நிலைமின் சேரும். அந்தக் கை வயர் செருகும் வாயைத் தொட்டால், சேர்ந்தது முழுவதும் சமிக்ஞைக் கம்பி வழியே பாய்ந்து உள்ளே இருக்கும் சிப்பைக் கொன்றுவிடும். பூச்சி அந்தப் பாய்ச்சலை மறித்து எர்த் பக்கம் திருப்பிவிடும். மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும்.

அது சும்மா இருப்பதுதான் முகாமையாளருக்குப் பிடிக்கவில்லை. "கொழும்பில எங்க நிலைமின்? எல்லாருக்கும் வேர்த்து ஒழுகுது. அதெல்லாம் பனி விழுற நாட்டுக்காரருக்கு" என்றார். எங்களில் பாதிப்பேர் தலையாட்டினோம். கடல் காற்றில் கொடியில் போட்ட உடுப்பே காயாத ஊர்க்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு மெற்றில்டா நைலோன் சேலையில் வந்தார். பருத்தியைத் தவிர வேறெதுவும் உடுத்தாதவர். ஊதா நிறம், அதில் பெரிய பெரிய மஞ்சள் பூக்கள். "என்ன, பொம்பிளை பார்க்க வருகினமோ?" என்று சீண்டினேன். "ஓம். மாப்பிள்ளை அந்தா மேசையில இருக்கிறார்" என்று மாதிரிப் பெட்டியைக் காட்டினார்.

எங்கள் கூட்ட அறையில் கம்பளம் விரித்திருக்கும். ஏசியும் வேர்வையெல்லாம் காய்ந்து பல்லுக் கிட்டும் அளவுக்குப் போட்டிருக்கும். அவர் உட்காரவே இல்லை. றப்பர் அடிச் செருப்போடு, விளக்கம் சொல்லிக்கொண்டே கம்பளத்தில் நைலோன் உரச உரச மேலும் கீழும் உலாத்தினார். பிறகு ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் வாயை ஒரு விரலால் தொட்டார். டிக் என்றது. திரை கறுத்தது. என்ன செய்தும் திரும்ப எழும்பவில்லை.

"ஆஸ்பத்திரியிலயும் ஏசி இருக்கு சேர். நேர்ஸ்மாரும் நடந்துதான் வருவினம். ஆனா அங்க இந்தத் திரைக்குப் பக்கத்தில ஒரு ஆள் படுத்திருப்பார்" என்றார். டயோட் சேர்ந்தது.

ஆனால் சேர்ந்த இடம் பிழை. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை வரைந்தவர், இடம் தாராளமாக இருக்கிறதென்று சிப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மெற்றில்டா அதை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் நிறுத்தினார். "கள்ளனைக் குசினி வரைக்கும் விட்டிட்டு அங்க வச்சுப் பிடிக்கப் போறீரோ? கேற்றிலேயே மறியும்!" வயர் செருகும் வாய்க்கு அருகிலேயே அது இருக்க வேண்டும், எர்த்துக்குப் போகும் பாதை குட்டையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எல்லாம் பிந்தியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைத் தவிர ஒருவரும் அவர் பக்கத்தில் இருக்கவில்லை. அவர் தன்பாட்டில் இடியப்பமும் சம்பலும் ரசித்துச் சாப்பிட்டார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். புற்றுநோய் முற்றிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கட்டிலருகே எங்கள் பெட்டி. என்னைக் கண்டதும் விரல் கவ்வியைக் கழற்றினார், வயரை இழுத்தார், போர்வையில் கையைத் தேய்தேய் என்று தேய்த்துப் பெட்டியின் வாயைத் தொட்டார். பெட்டி கத்தத் தொடங்கியது. நேர்ஸ் ஓடிவந்து சிங்களத்தில் ஏசினார். "ஒண்டுமில்லை தங்கச்சி, சும்மா பாத்தனான்" என்று சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பாத்தீரோ? கத்துது. உயிரோட இருக்கு."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குத்தான் கேற்றில ஆளில்லாமப் போச்சு" என்றார். அன்றைக்குத்தான் அவருக்கு முன்னால் முதன்முதலாக அழுதேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

பொரளையில் அவரை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குப் போனால், முகாமையாளர் புதிய மாதிரியைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டார். பெட்டி சின்னதாகப் போகிறதாம். அந்த டயோட்டை எடுத்துவிடலாமாம். "இவ்வளவு காலத்தில நிலைமின் அடிச்சு ஒரு பெட்டியாவது திரும்பி வந்ததோ? அப்ப என்னத்துக்கு அது?" என்று கேட்டார். ஏன் வரவில்லை என்று அந்த மனுசன் யோசிக்கவே இல்லை! "ஒண்டும் நடக்கேல்லை எண்டா அது வேலை செய்யுது எண்டு அர்த்தம்" என்று மெற்றில்டா அடிக்கடி சொல்வதைச் சொன்னேன். அவர் இல்லாத துணிவில் முகாமையாளர் சிரித்தார். முடிவு வியாழக்கிழமைக் கூட்டத்தில் என்றார். மெற்றில்டாவின் இடத்தில் இனிக் கையெழுத்து வைக்க வேண்டியது நான்.

வைக்க மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். இந்தப் பெட்டி கத்தவேண்டிய நேரத்தில் கத்தாமல் விட்டால் கட்டிலில் கிடப்பவருக்கு வேறு குரல் இல்லை. மெற்றில்டா போய்விட்டார் என்பதற்காக அந்த வாசலைத் திறந்து விட்டுவிட முடியாது.

அவருடைய அலுமாரியை ஒதுக்கும்போது, என்ன வேண்டும் என்று ஜசிந்தா கேட்டார். அந்தச் சேலையைக் கேட்டு வாங்கினேன். எனக்கு ஊதா பிடிக்காது. அந்த மஞ்சள் பூக்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது. வியாழக்கிழமை அதைத்தான் உடுத்திக்கொண்டு போகிறேன். டயோட் இல்லாத புதிய மாதிரிப் பெட்டி மேசையில் இருக்கும். கம்பளம் அதே கம்பளம்தான். ஏசியும் நன்றாக வேலை செய்கிறது.