தட்டைக் காட்டு

மலைநாட்டில் கொட்டகலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் வருடம், பெற்றோர் கூட்டத்தில் நானே வாயைக் கொடுத்து அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் போனில் பார்ப்பது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை என்றார்கள். கொண்டுவாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அதற்கென்று ஒரு தாள் தயாரித்தேன். அடிதடி உண்டா? கெட்ட வார்த்தை உண்டா? எதையாவது வாங்கச் சொல்கிறதா? பிள்ளையிடம் எதையாவது காட்டச் சொல்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலும் அந்த வீடியோ கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களைவிட நான் அதிகம் நம்பினேன்.

பின்னேரங்களில் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்து ஊராரின் போன்களைப் பார்ப்பேன். உண்மையில் அந்த வேலை எனக்குத் தேவைப்பட்டது. அம்மா இருந்தவரை தினமும் ஊரிலிருந்து கூப்பிட்டு, "சாப்பிட்டியோ?" என்று கேட்பா. அவ போனபிறகு அதைக் கேட்க ஒருத்தருமில்லை. அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தை மூடி வைப்பேன்.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா வந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை. மனைவி வீட்டு வேலைக்குக் குவைத் போய் ஒரு வருடம். வெள்ளிக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவாராம்.

"டீச்சர், வீட்டுல வச்சிட்டுப் போற போனுங்க இது. யாரோ ஒரு அம்மா சோறு திங்கிறாங்க. இவ அதையே போட்டுப் போட்டுப் பாக்குறா."

பார்த்தேன். முகம் தெரியாத ஒரு பெண், இரண்டு கைகள், ஒரு தட்டு. சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறாள். இடையிடையே, "மெதுவா சாப்பிடு கண்ணு, தண்ணி குடிச்சுக்கோ" என்கிறாள். கடைசியில், "முடிச்சிட்டியா? எங்க, தட்டைக் காட்டு" என்றாள்.

காட்டச் சொல்கிறாளே! நாலாவது கேள்விக்கு நேரே சிவப்பு மையால் 'ஆம்' போட்டேன். எப்போதோ எடுத்த வீடியோவுக்கு எந்தத் தட்டும் தெரியாது என்று யோசிக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

"அழிச்சுவிடுங்கோ" என்றேன். என் முன்னாலேயே அழித்தார்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

"மத்தியானத்துக்கு வச்சிட்டுப் போற சோறு அப்படியே கெடக்குங்க டீச்சர். அதட்டுனா அழுவுறா."

பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த அம்மா இல்ல டீச்சர். சாப்பிட்டு யாருக்கிட்ட காட்டுறது?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. என்மேலேயே கோபமும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஏழு வயதுப் பிள்ளை. அதை எழுத என் தாளில் இடமே இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார ஒரு ஆளை என்னால் கொடுக்க முடியாது. அந்த வீடியோவை என் போனில் தேடிப் பிடித்து, அப்பாவின் போனுக்கு அனுப்பினேன்.

"தப்பில்லீங்களா டீச்சர்?"

"பிழை என்னில தான். லீவு நாளிலயாவது நீங்களும் கூட இருந்து சாப்பிடுங்கோ."

தாளில் ஐந்தாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தேன்: பிள்ளை இதை யாரோடு இருந்து பார்க்கிறது?

ஊருக்குத்தான் உபதேசம். அன்று பின்னேரம் மழை. குவார்ட்டர்ஸுக்கு வந்து சோற்றைப் போட்டேன். அனுப்பியது சரியான வீடியோதானா என்று பார்க்கிற சாக்கில், போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து, மேசையில் உட்கார்ந்தேன். அவளும் சாப்பிட்டாள், நானும் சாப்பிட்டேன். தண்ணி குடிச்சுக்கோ என்றபோது குடித்தேன்.

"எங்க, தட்டைக் காட்டு."

என் தட்டில் பாதிச் சோறு கிடந்தது. வீடியோவை நிறுத்தினேன். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்து, மறுபடி அந்த இடத்திலிருந்து ஓடவிட்டு, வெறும் தட்டைத் தூக்கிக் காட்டினேன்.